சீர் வண்டியில் போன கம்ப்யூட்டர்

எனக்குச் சைக்கிளைத் தவிர வேறெதுவும் ஓட்டத் தெரியாது. இன்றைக்கும் அப்படித்தான். ஆனால் இருபத்திரண்டு வயதில், மதுரை பைபாஸ் ரோட்டில் ஒரு டி.டி.பி. சென்டரில் கல்யாணப் பத்திரிகை டைப் அடித்துக்கொண்டிருந்தபோது, முதலாளி மதியம் சாப்பிடப் போகும் முக்கால் மணி நேரத்தில் நான் இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் கார் ஓட்டினேன். ஓட்டினேன் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். கார் பந்தய விளையாட்டுதான். சென்டரில் இருந்த அந்தப் பழைய கம்ப்யூட்டரில் கார் விக்கி விக்கித்தான் போகும். வளைவு வரும்போது படம் அப்படியே நின்றுவிடும். மறுபடி அசையும்போது கார் சுவரில் மோதிக் கிடக்கும். மோதியது நானில்லை, இந்தப் பெட்டிதான் என்று ஆத்திரம் ஆத்திரமாக வரும். எனக்கென்று ஒரு கம்ப்யூட்டர், விளையாடுவதற்கென்றே ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்று அந்த ஆத்திரத்தில்தான் முடிவு செய்தேன்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம். கம்பெனி கம்ப்யூட்டர் வாங்க எங்களுக்கு வசதி கிடையாது. பார்ட்ஸ் பார்ட்ஸாக வாங்கி நாமே பூட்டிக்கொள்ளலாம் என்று ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையில் படித்தேன். அந்தப் பத்திரிகையையும் நான் வாங்கவில்லை. பெட்டிக்கடையில் நின்றபடியே படித்தேன். கடைக்காரர் முறைக்கும்போது ஒரு கடலை மிட்டாய் வாங்கிக்கொள்வேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று போட்டு எழுத ஆரம்பித்தேன். பிராசஸர், மதர்போர்டு, ராம், ஹார்ட் டிஸ்க், கிராபிக்ஸ் கார்டு, கேபினெட், மானிட்டர். எதை எதோடு சேர்த்தால் சேரும், எது சேராது என்று எழுதி எழுதி அடித்தேன். கல்யாணப் பத்திரிகைக்கு வருகிறவர்கள் பொருத்தம் பார்த்த கதையைச் சொல்லும்போதெல்லாம், நானும் அதைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன்.

எங்கள் வீடு கோச்சடையில். அப்பா டவுன் பஸ் டிரைவர். ஒரு சனிக்கிழமை அவருக்கு ஓய்வு நாளாக அமைந்ததால் அவரைக் கூட்டிக்கொண்டு டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு மாடிக் கடைக்குப் போனேன். பட்டியலை நான்தான் நீட்டினேன். கடைக்காரர் அதை வாங்கிக்கொண்டு அப்பாவைப் பார்த்துப் பேசினார்.

"பொண்ணு படிப்புக்குத்தான சார்? அதுக்கு எதுக்கு இம்புட்டு பெரிய கிராபிக்ஸ் கார்டு?"

"படிப்புக்கு இல்லண்ணே, விளையாட" என்றேன்.

அவர் மறுபடியும் அப்பாவைத்தான் பார்த்தார். அப்பா மட்டும் அன்றைக்கு, "அத வச்சு என்னம்மா செய்யப் போற" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் அங்கேயே சுருங்கிப் போயிருப்பேன். அவர் கேட்கவில்லை. "அது கேக்குறதக் குடுங்க. எனக்கு பஸ்ஸுதான் தெரியும். இதெல்லாம் அதுக்குத்தான் தெரியும்" என்றார்.

அந்த வருஷங்களில் கார்டு செருகுகிற இடமே மாறிக்கொண்டிருந்தது. பழைய மாதிரிக் கார்டு புது போர்டில் ஏறாது, புதுசு பழையதில் ஏறாது. கடைக்காரர் தேங்கிக் கிடந்த பழைய போர்டை என் தலையில் கட்டப் பார்த்தார். நான் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு சண்டை போட்டேன். கடையில் நின்ற காலேஜ் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் அவர் பட்டியலில் புது போர்டையே எழுதிக்கொண்டு, "உங்க பொண்ணு பொழச்சுக்கும் சார்" என்றார். மாடிப்படி இறங்கும்போது அப்பா அதை இரண்டு தடவை எனக்குச் சொல்லிக் காட்டினார்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கவில்லை. சம்பளத்துக்குச் சம்பளம் ஒன்று. முதலில் வந்தது வெறும் கேபினெட். அம்மா அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்து, "வெறும் டப்பாவா?" என்று கேட்டாள். அடுத்தடுத்து வந்ததையெல்லாம் பீரோவில் பட்டுச்சேலைகளுக்கு நடுவில் வைத்தேன். கடைசியாக மானிட்டர் வந்தது. குண்டு மானிட்டர், பதினேழு இஞ்ச். சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டி, அப்பா ஹேண்டில்பாரைப் பிடிக்க நான் பின்னால் அணைத்துப் பிடிக்க, டவுனிலிருந்து கோச்சடை வரைக்கும் நடந்தே கொண்டுவந்தோம். ஏறி ஓட்டினால் பள்ளத்தில் இறங்கி உடைந்துவிடுமாம். தினம் அறுபது பேரை ஏற்றிக்கொண்டு போகிறவர் அந்த ஒரு பெட்டிக்கு அப்படிப் பயந்தார்.

தரையில் பாய் விரித்து உட்கார்ந்து, பத்திரிகையில் சொன்னபடி, உடம்பில் இருக்கும் மின்சாரம் பார்ட்ஸில் பாய்ந்துவிடாமல் இருக்க இரும்பு பீரோவைத் தொட்டுத் தொட்டுப் பூட்டினேன். பிராசஸரின் மேல் ஃபேனை அழுத்தி மாட்ட வேண்டிய இடம் வந்தது. உடைந்தால் ஏழு மாதச் சம்பளத்தில் சேர்த்தது வீண். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன். சுவிட்சைப் போட்டதும் பீப் என்று ஒரே ஒரு சத்தம் வந்தது. அப்பா பதறிப்போய், "என்ன பாப்பா, கெட்டுப்போச்சா?" என்றார். "இல்லப்பா, எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லுது" என்றேன். சொல்லிவிட்டு அழுதேன். அவ்வளவு சந்தோஷம்.

அதற்குப் பிறகு மூன்று மாதம், தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் கார் ஓட்டினேன். ஒரு விக்கல் இல்லை. அப்பா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார். "வளைவுல இம்புட்டு வேகம் ஆகாது பாப்பா. கியரக் குறை. ஆளு குறுக்க வந்தா என்ன செய்வ?" என்பார். "அப்பா, இதுல ஆளே கிடையாதுப்பா" என்பேன். "ரோடுன்னா ஆளு இருக்கும்" என்பார். அப்படி ஒரு மூன்று மாதம் எனக்கு அதற்கு முன்னும் வாய்க்கவில்லை, பின்னும் வாய்க்கவில்லை.

பிறகு உசிலம்பட்டியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்குத் தேனியில் ஒரு மோட்டார் பம்ப்செட் கடையில் வேலை. நல்ல மாதிரி. எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. காபி கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். முன்னறையில் அப்பாவின் குரல் கேட்டது. "எம் பொண்ணு தானே பார்ட்ஸு வாங்கி, தானே ஒரு கம்ப்யூட்டர் கட்டியிருக்கு. கடைக்காரனே அசந்து போயிட்டான்." அவர் குரலில் அவ்வளவு பெருமையை அதற்கு முன் நான் கேட்டதில்லை. மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்து கம்ப்யூட்டரைச் சுற்றிப் பார்த்தார். "சின்னவன் இஞ்சினியரிங் படிக்கான். வீட்ல ஒண்ணு வேணும்னு உசுர எடுத்துக்கிட்டு இருந்தான்" என்றார்.

சீர் பேசும் நாளில் கட்டில், பீரோ, மெத்தை, பாத்திரம் எல்லாம் எழுதி முடித்த பிறகு அந்த அம்மா சாதாரணமாகச் சொன்னார்: "கம்ப்யூட்டரையும் அப்படியே வண்டியில ஏத்திருங்கண்ணே."

அப்பா எழுந்து உள்ளே வந்தார். என்னிடம் தாழ்ந்த குரலில், "அது இங்கனயே இருக்கட்டும் பாப்பா. வேற ஏதாச்சும் சேத்துச் செஞ்சுக்கிறேன். நீ வரும்போது ஓட்டிக்க" என்றார்.

நான்தான் புத்தி கெட்டுச் சொன்னேன். "ஏத்துங்கப்பா. என் சீருதான? என்கூடத்தான வருது? அங்க இருந்தா தினமும் ஓட்டுவேன்ல."

சீர் என்றால் பெண்ணுடையது என்று நினைத்த ஒரே ஆள் அந்த வீட்டில் நானாகத்தான் இருந்திருப்பேன். கல்யாணப் பத்திரிகை நூறு டைப் அடித்தவளுக்கு அதுகூடத் தெரியவில்லை. வேனில் பீரோவுக்கும் மெத்தைக்கும் நடுவில் கேபினெட்டைச் சேலை சுற்றி வைத்தேன். ஊரே பார்க்க உசிலம்பட்டியில் இறக்கினார்கள்.

அதைக் கூடத்தில் வைத்தார்கள். கூடத்தில்தான் மாமனார் கட்டில். அதைத் தொடாதே என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், எனக்குச் சண்டை நன்றாகவே வரும். முதல் வாரம் ஒருநாள் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாமியார், "மாமா படுத்திருக்காக, பெறகு பாத்துக்க தாயி" என்றார். இன்னொரு நாள் புதுப்பெண்ணைப் பார்க்க வந்த சொந்தக்காரப் பெண்கள், "மருமக கார் ஓட்டுதாம்ல!" என்று வாயைப் பொத்திச் சிரித்தார்கள். எனக்கே கூசிப்போய் எழுந்துவிட்டேன். கொழுந்தன் காலேஜ் விட்டு வந்தால் அவனுடைய கூட்டாளிகளோடு உட்காருவான். நான் காபி கொண்டுபோய் வைப்பேன். என் காரை எடுத்துச் சுவர் சுவராக மோதுவான். வளைவில் கியரைக் குறைக்கவே மாட்டான். பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒருநாளாவது, "மதினி, நீங்க ஓட்டுறீகளா?" என்று கேட்பான் என்று இருந்தேன். கேட்கவில்லை. கெட்டவன் இல்லை அவன். தோன்றவில்லை, அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் ராத்திரி தேனியிலிருந்து வந்து சாப்பிட்டுப் படுத்துவிடுவார். அவரிடமும் நான் எதுவும் சொன்னதில்லை.

ஒரு வருஷம் ஓடியது. அந்த ஊர்ப் புழுதி உங்களுக்குத் தெரியாது. பிராசஸர் ஃபேனின் சத்தம் மாறத் தொடங்கியதை அடுப்படியில் இருந்தே கேட்டேன். முதலில் ஒரு உறுமல், பிறகு ஒரு கிரீச். மூடியைக் கழற்றித் தூசியைத் துடைத்து இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் போதும், கால் மணி நேர வேலை. நான் செய்யவில்லை. என்னிடம் வந்து கேட்கட்டும் என்று வீம்பாக இருந்தேன். மூன்று வாரம் தினமும் அந்தக் கிரீச்சைக் கேட்டுக்கொண்டே சாம்பார் தாளித்தேன். நாலாவது வாரம் சத்தம் நின்றது. கம்ப்யூட்டரும் நின்றது. நான் பெற்றதை நானே சாகவிட்டேன் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. இன்றைக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

ஊரில் சர்வீஸ் செய்கிறவரைக் கொழுந்தன் கூட்டிவந்த அன்று, சொல்லாமல் கொள்ளாமல் அப்பாவும் வந்திருந்தார், ஒரு சீப்பு வாழைப்பழமும் மல்லிகைப்பூவும் வாங்கிக்கொண்டு. மாமியார் அவருக்கு நாற்காலி போட்டார். சர்வீஸ்காரர் மூடியைக் கழற்றினார். ஃபேனைக் கையால் சுழற்றிப் பார்த்து, "சூட்டுல போர்டு போயிருச்சு தம்பி. முன்னாடியே சத்தம் குடுத்திருக்குமே, யாருமே கவனிக்கலையா?" என்றார். நான் வாசற்படியில் காபி டம்ளரோடு நின்றேன். அவர் உள்ளே இன்னும் குனிந்து பார்த்து, "ஆனா கட்டுனவன் கை நல்ல கை. ஒயரெல்லாம் பூக்கட்டுற நூல்ல எம்புட்டு அழகா முடிச்சுப் போட்டிருக்கான். யாரு கட்டுனது?" என்றார்.

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது எம் பொ..." என்று ஆரம்பித்தார்.

"கடையில போட்டதுண்ணே" என்றேன் நான்.

வேறென்ன சொல்வது? பெண் பார்க்க வந்த அன்று அப்பா சொன்னதைப் பெண் வீட்டுப் பெருமை என்று அங்கே எல்லோரும் மறந்திருந்தார்கள். நான் கட்டினேன் என்று இப்போது ஞாபகம் வந்தால் அடுத்த கேள்வி, அப்போ ஏன் மூன்று வாரம் பார்த்துக்கொண்டிருந்தாய் என்பதுதான். மாமியார் ஏற்கெனவே என் பக்கம் திரும்பியிருந்தார். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "ஆமா, மதுரையில கடையிலதான்" என்று எனக்காக அவரும் சொன்னார். என் அப்பா பொய் சொல்லி அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. காபியைக் குடித்துவிட்டு, "அப்ப நான் வாரேன்" என்று எழுந்தார். சாப்பிட்டுப் போகச் சொன்னார்கள். டியூட்டி இருக்கிறது என்றார். அன்றைக்கு அவருக்கு ஓய்வு நாள், அது எனக்குத் தெரியும்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போனேன்.  மதுரை பஸ் திரும்பி வருவதைப் பார்த்ததும், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா, அது உங்கிட்டயே இருந்திருக்கும் பாப்பா. எம் புத்திதான்."

ஏற்றச் சொன்னது நான்தானப்பா என்று சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் வேண்டாம் என்றுதானே சொன்னீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும்.  நாலு பேர் முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்பா ஏறி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, கையைக் காட்டினார். அடுத்த தடவை சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அந்த அடுத்த தடவை வருவதற்குள், அதே வருஷம் ஐப்பசியில் அப்பாவுக்கு மாரடைப்பு வந்து, பஸ்ஸை ஓரமாக நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கின் மேலேயே சாய்ந்துவிட்டார். கோச்சடையில் அம்மா அவருடைய சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள், "கடைசி வரைக்கும் அந்தக் கம்ப்யூட்டரப் பத்தித்தாண்டி சொல்லிக்கிட்டு இருந்தாரு. தான் சொல்லித்தான் புள்ளகிட்ட இருந்து போச்சுன்னு."