கடுகண்ணாவை ஏற்றமும் எங்கள் ஒழுங்கையும்

கொழும்பில் யாரும் யாருக்காகவும் சைக்கிளை விட்டு இறங்குவதில்லை. வந்த புதிதில் எனக்கு மிகவும் விசித்திரமாகப் பட்டது இதுதான். கடலோர ரயிலோ, ட்ராமோ, மின்விளக்கோ அல்ல. வெள்ளவத்தையில் நான் தங்கியிருக்கும் வீட்டிலிருந்து கொட்டாஞ்சேனையில் நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் சைக்கிளில் போகிறேன். காலையில் எங்கள் தெருவில் ஒரு நீதவான் நடைப்பயிற்சிக்கு வருவார். பால்காரர் மணியடித்து அவரை உரசிக்கொண்டு போவார். நீதவான்தான் ஒதுங்கி நிற்பார். சந்தியில் பொலிஸ்காரர் கை காட்டினால் மட்டும் நாங்கள் எல்லோரும் ஒரு காலை நிலத்தில் ஊன்றி நிற்போம். மறு கால் மிதியிலேயே இருக்கும். நீதவானின் காரும் அதே கைக்கு நிற்கும்.

இதில் என்ன விசித்திரம் என்று யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரில் இருந்து வாசிக்கும் சிலர் கேட்பார்கள். அவர்களுக்கும் தெரியும், சொல்லமாட்டார்கள். என் ஐயா, என்னைப் பெற்ற தகப்பன், பனை ஏறுபவர். எங்கள் வீட்டுக்குப் போகும் குறுகிய மணல் ஒழுங்கையில் ஒரு பெரிய வீடு இருக்கிறது. அந்த வீட்டு வேலி தொடங்கும் இடத்தில் ஐயா சைக்கிளை விட்டு இறங்குவார். தோளில் கிடக்கும் துண்டு இடுப்புக்கு வரும். வேலி முடியும்வரை தள்ளிக்கொண்டு போய், பிறகு ஏறுவார். வாசல் படலையில் ஆள் நின்றாலும் நிற்காவிட்டாலும் அப்படித்தான். சின்ன வயதில் பின்னால் கரியரில் இருந்து போன நான், அந்த இடம் வந்தால் சைக்கிளுக்கு ஏதோ வருத்தம் வருகிறது என்று நினைத்திருந்தேன். மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் வருத்தம் சைக்கிளுக்கு இல்லை என்று விளங்கிற்று. எங்கள் வீட்டில் பேனா பிடித்த முதல் ஆள் நான். ஆசிரியப் பயிற்சி முடித்துக் கொழும்புக்கு ரயில் ஏறிய அன்று எனக்குள் ஒன்று சொல்லிக்கொண்டேன்: இனி எந்த இடத்திலும் நான் இறங்குவதில்லை.

யுத்தம் முடிந்து தன் நாட்டுக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் தாதி விட்டுப்போன சைக்கிள் எனக்கு வாய்த்தது. பின் சில்லில் சேலை சிக்காமல் வலை கட்டிய பெண்கள் சைக்கிள். பெட்ரோல் தட்டுப்பாட்டில் ஊர் முழுவதும் சைக்கிளுக்கு மாறியிருந்ததால், ஒரு பெண் சைக்கிள் ஓடுவதைப் பார்த்து அதிகம் பேர் திரும்பவில்லை. என்னோடு படிப்பிக்கும் குசுமாவிடமும் ஒன்று இருந்தது. அவளுடைய பெரியம்மா வீடு கேகாலையில். விடுமுறையில் அங்கே போய் ஓர் இரவு தங்கி, மறுநாள் கடுகண்ணாவைக் கணவாய் ஏறி, மேலே நின்று பள்ளத்தாக்கைப் பார்க்கவேண்டும் என்று அவள் கேட்டபோது, நான் உடனே சம்மதித்தேன்.

வீதிப்படத்தை வாங்கி மைல்களை எண்ணினேன். ஏற்றம் தொடங்கும் இடத்திலிருந்து உச்சிவரை உள்ள தூரம், வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு நான் தினமும் ஓடும் தூரத்தைவிடக் குறைவு. ஒரு மணித்தியாலம் போதும் என்று குசுமாவிடம் அறிவித்தேன். யாழ்ப்பாணத்தார் ஒருவர்தான் இப்படிக் கணக்குப் பார்ப்பார். எங்கள் ஊரில் மைல் என்றால் மைல்தான். நிலம் எங்கும் உயராது, தாழாது. சோளகக் காற்று முகத்தில் அடிக்கும் மாதங்களில் மட்டும் ஓடுவது கஷ்டம். அப்போதும் திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும். வீதிப்படத்தில் கணவாய் ஒரு சிறிய நெளிவாகத்தான் கிடந்தது.

கிராண்ட்பாஸ் தாண்டிக் களனிப் பாலத்தில் ஏறும்போது விடிந்தது. கேகாலை வரையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வயல்கள், ரப்பர் தோட்டங்கள், சின்னச் சின்ன மேடுகள். மறுநாள் காலை மாவனெல்லையைக் கடந்த பிறகு வீதி மெதுவாக நிமிரத் தொடங்கியது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் மரங்களின் தலைகள். முதல் பெரிய வளைவிலேயே குசுமா குதித்து இறங்கி, செருப்பைக் கழற்றி ஹாண்டிலில் மாட்டிக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு தள்ளினாள்.

“பஹின்ன நங்கி, பஹின்ன!” என்று பின்னாலிருந்து கத்தினாள். சிங்களத்தில், இறங்கு தங்கச்சி என்கிறாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த வளைவில் வீதி வேலைக்காரர்கள் கல் உடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் தலையில் சாக்கு மடித்துப் போட்டிருந்த, தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பெண் ஒருத்தி சுத்தியலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“எறங்கித் தள்ளிக்கிட்டுப் போம்மா. முன்னால பெரிய முடக்கு வருது.”

“நான் ஏன் இறங்கவேணும்?” என்றேன். மூச்சு வாங்கியதால் அது இன்னும் கடுமையாக வந்தது.

“அடியாத்தீ! டீச்சரு மாதிரி அதட்டுது,” என்று அவள் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தாள். “இந்த எடத்துல தோட்டத்து தொரையே எறங்கித்தாம்மா தள்ளுவாரு. போன வாரம் ஒருத்தரு காலு வெலவெலத்து இந்தக் கல்லு மேலதான் குந்துனாரு. தண்ணி குடுத்து அனுப்புனோம்.”

துரை இறங்கலாம், அவருடைய தகப்பன் இறங்கியிருக்கமாட்டார். இப்படி நினைத்துக்கொண்டு எழுந்து நின்று மிதித்தேன். பெரிய முடக்கு வந்தது, வளைவும் ஏற்றமும் ஒன்றாக. சைக்கிள் நடப்பதைவிட மெதுவாகப் போய், ஆடி, பாறைப் பக்கத்துத் தண்ணீர்க் கானுக்குள் என்னையும் கொண்டு சரிந்தது. மறுபக்கம் சரிந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்கமாட்டேன்.

என்னைத் தூக்கியவள் அந்தப் பெண்தான். முழங்காலைக் கழுவி, தன் சேலைக் கரையைக் கிழித்துக் கட்டினாள்.

“எந்த ஊரும்மா?”

“யாழ்ப்பாணம்.”

“அங்க மல கெடையாதுன்னு சொல்றாங்களே, நெசமா?”

“ஓம். ஒரு மேடுகூட இல்லை.”

“ஒரே சமமா?” அவளுக்கு அதிசயமாக இருந்தது. “அப்ப அங்கிட்டு சைக்கிள விட்டு எதுக்குத்தான் எறங்குவீங்க?”

குசுமா அதற்குள் வந்து சேர்ந்து என் சைக்கிளின் ஹாண்டிலை நேராக்கிக்கொண்டிருந்தாள். வகுப்பில் எந்தப் பிள்ளை எதைக் கேட்டாலும் பதில் சொல்லிப் பழகிய நான், குனிந்து முழங்கால் கட்டை இறுக்கினேன். சொன்னாலும் அவளுக்கு விளங்காது என்று அப்போது எண்ணினேன். இப்போது அப்படி எண்ணவில்லை. தோட்டங்களுக்குள் யார் யாரைக் கண்டால் இறங்கவேண்டும் என்று அவளிடம் ஒரு பட்டியல் இருந்திருக்கும். கேட்காமல் வந்துவிட்டேன்.

மிச்ச வழியைத் தள்ளிக்கொண்டே போனேன். உச்சிக்குக் கிட்ட, பாறையைக் குடைந்து வீதி விட்டிருக்கிறார்கள். அதைத் தாண்டித் திரும்பிப் பார்த்தபோது கீழே பள்ளத்தாக்கு முழுவதும் திறந்து கிடந்தது. பைபிள் பாறை என்கிறார்களே, அந்தத் தட்டையான மலை தூரத்தில் நீலமாக நின்றது. படி படியாக வயல்கள். எங்கள் ஊரில் கண் கிடுகு வேலிவரைதான் போகும். எல்லா வேலிகளுக்கும் மேலே நின்று ஊரைப் பார்த்தவர்கள் ஐயாவைப் போன்றவர்கள்தான். மரத்தில் ஏறுமுன் அவர் ஒரு குரல் கொடுப்பார், வேலிகளுக்குள் குளிக்கும் பெண்கள் மறைந்துகொள்ளட்டும் என்று. பெரிய வீட்டின் முற்றமும் கிணறும் பின்வளவும் அவருக்குத் தெரியும். தினமும் இரண்டு முறை அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்துவிட்டு, கீழே வந்து, அந்த வேலியருகே இறங்கி நடந்தார்.

“அழுகிறாயா?” என்று குசுமா இங்கிலிஷில் கேட்டாள்.

“முழங்கால்,” என்றேன்.

மார்கழி விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது சைக்கிளையும் ரயிலில் ஏற்றிக் கொண்டுபோனேன். ஐயா தன் சைக்கிளோடு ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் ஓடினோம். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. தெரிந்தவர்களைக் கண்ட இடமெல்லாம் தேவையில்லாமல் மணியடித்தார். ஒழுங்கை வந்தது. வேலி தொடங்கும் இடத்தில் ஐயா இறங்கினார். துண்டு இடுப்புக்குப் போயிற்று.

“இறங்கு பிள்ளை.”

நான் காலை ஊன்றி நின்றேன். அந்தக் கல்லுடைக்கும் பெண்ணின் கேள்வியை இவரிடம் கேட்காமல் யாரிடம் கேட்பது?

“ஐயா, இஞ்சை ஏற்றம் ஒண்டும் இல்லையே.”

அவர் முன்னால் கிடந்த வெண்மணலைப் பார்த்தார். “இருக்குப் பிள்ளை. உன்ரை கண்ணுக்குத் தெரியேல்லை.”

நான் மிதித்தேன். படலையில் வீட்டுக்காரர் நின்றார். அவரைக் கடந்து, வேலி முடியும் இடத்தில் நிறுத்தித் திரும்பினேன். காலை அமைதியில் பேச்சு நன்றாகக் கேட்டது.

“ஆரடா அது? உன்ரை மேளோ?”

“ஓம் நயினார்.”

“கொழும்பிலை ஆக்களைக் கண்டால் இறங்கிறேல்லையாமோ?”

ஐயா நின்றார். சைக்கிளை விடவில்லை, தலையையும் நிமிர்த்தவில்லை. “அவள் மலை வீதியிலை ஓடினவள், நயினார். இந்த ஒழுங்கை அவளுக்குக் காணாது.”

வீட்டுக்காரர் படலையைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார். அது நல்லதற்கா என்று எனக்குத் தெரியாது. விடுமுறை முடிந்தால் நான் போய்விடுவேன்; அந்த வீட்டு வளவுப் பனைகளில் ஐயா ஏறவேண்டும். அதைக் கடுகண்ணாவையில் நான் எண்ணவில்லை, ஒழுங்கையில் மிதித்தபோதும் எண்ணவில்லை. வேலி முடிவில் நின்றுதான் எண்ணினேன்.

அவர் வந்துகொண்டிருந்தார். முந்நூறு அடி தூரம்கூட இல்லை, தட்டையான மணல். ஆனாலும் குனிந்து, ஹாண்டிலில் பாரத்தைப் போட்டு, பெரிய முடக்கில் ஏறும் ஒருவரைப் போலத்தான் வந்தார். ஓடிப்போய் அவரோடு சேர்ந்து தள்ள எனக்குக் கால் வரவில்லை. அவரை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடவும் வரவில்லை. ஒரு காலை மணலில் ஊன்றி, மறு காலை மிதியில் வைத்தபடி, கை காட்ட ஒரு பொலிஸ்காரர் இல்லாத அந்த ஒழுங்கையில் நின்றேன்.