உறைந்த ஏரிக்கு நாலு பேர்

துஷாந்தினிக்கு யாரையாவது பிடிக்கவில்லையென்றால் வாய் திறந்து திட்டமாட்டாள். மூக்கால் ஒரு காற்று விடுவாள், அவ்வளவுதான். லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பதினொரு வருடமாக அவள்தான் மிட்வைஃப். மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்று, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம் லயமாக நாளுக்குப் பத்துக் கிலோமீட்டர் ஏறி இறங்கி, கர்ப்பிணிகளைப் பார்த்து, கைக்குழந்தைகளைத் தராசில் தொங்கவிட்டு நிறை எழுதுகிறவள். அந்த நிறையை வேறு யாரும் எழுத விடமாட்டாள். ஐம்பது கிராம் பிசகினால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவள் ஒன்றரை வருடமாக, மாதம் ஒரு ஞாயிறு, பதுளை பஸாரில் செருப்பும் சப்பாத்தும் விற்கும் முன்ஸிப்பின் கடைப் பின்னறையில் போய் உட்கார்ந்தாள். எல்லாம் ஓர் ஏரிக்காக.

வட இந்தியாவில், இமயமலைச் சரிவில், பதினோராயிரம் அடிக்கு மேலே இருக்கும் ஏரி அது. ஜனவரியில் முழுக்க உறைந்துவிடும். அதன்மேல் ஒரு பெண் தனியாக நடந்து போவதைத் துஷாந்தினி ஒருநாள் ஃபோனில் பார்த்தாள். முப்பத்தெட்டு வயதுக்குள் தனக்கென்று அவள் ஆசைப்பட்டது அது ஒன்றுதான். வரும் ஜனவரிக்குப் பன்னிரண்டு நாள் லீவும் எழுதி வாங்கிவிட்டாள். வேலைக்கு வந்த பிறகு கிடைத்த முதல் நீண்ட லீவு. இதை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது.

போவதற்கு ஒரு சங்கம் இருந்தது. பெயர் 'ஊவா சிகர நண்பர்கள்'. தலைவர் முன்ஸிப். செயலாளர் ஃபோன் கடை ஸியாம். உபதலைவர் பண்டாரவளையில் கிளார்க் வேலை பார்க்கும் ஜீவன். மூன்று பேருக்கும் மூன்று பதவி. நான்காவது ஆளாக இவளைச் சேர்த்ததற்கும் காரணம் இருந்தது.

"மிஸ் கூட வந்தா எங்களுக்கு ஒரு தெம்பு. ஆருக்காவது ஒன்டுன்னா பார்த்துக்குவீங்கதானே" என்றார் முன்ஸிப்.

தான் அவர்களுக்குக் கால் முளைத்த மருந்துப் பெட்டி என்றுதான் அதற்கு அர்த்தம் என விளங்கிக்கொண்டு, துஷாந்தினி மூக்கால் காற்று விட்டாள். ஆனாலும் எழுந்து போகவில்லை.

இனி இவர்கள் திட்டம் போட்ட அழகைச் சொல்லவேண்டும். முதல் மூன்று மாதம் டீ-ஷர்ட்டின் நிறத்தில் போனது. பச்சையென்றால் தேயிலைக் கம்பெனி ஆட்கள் மாதிரி இருக்கும் என்றான் ஸியாம். மஞ்சளென்றால் ஸ்கூல் பிள்ளைகள் மாதிரி இருக்கும் என்றான் ஜீவன். கடைசியில் நீலம். அதன் முதுகில் 'தலைவர்' என்று அடிப்பதா, வெறுமனே பெயர் போதுமா என்று இன்னொரு மாதம். ஏரிக்கு எந்த ஊரில் இறங்க வேண்டும், எத்தனை நாள் நடக்க வேண்டும் என்று துஷாந்தினி கேட்டபோதெல்லாம், "அதெல்லாம் பொறகு பார்ப்போம் மிஸ்" என்று பதில் வந்தது.

பிறகு குளிருக்குப் பழக வேண்டுமென்று முடிவானது. முன்ஸிப்பின் மச்சானுக்கு மீன் மொத்த வியாபாரம். அவருடைய ஐஸ் அறைக்குள் மூன்று ஆண்களும் தடித்த ஜாக்கெட்டும் கம்பளித் தொப்பியுமாகப் போனார்கள். வாசலில் நின்று நேரம் பார்த்தவள் துஷாந்தினி. ஆறு நிமிடம். அதில் நாலு நிமிடம் படம் எடுப்பதில் போனது. வெளியே வந்தபோது மூவரிடமும் பாரை மீன் நாற்றம். அன்று மாலைக்குள் அந்தப் படம் பாதி பதுளைக்குப் போய்ச் சேர்ந்தது. 'மைனஸ் குளிரில் எங்கள் வீரர்கள்' என்று கீழே எழுதியிருந்தது.

மலை ஏறிப் பழக நமுனுகுலைக்கும் போனார்கள். வேன் போகும் மட்டும் வேனில் போனார்கள். அரை மணித்தியாலத்தில் ஸியாமின் காலில் அட்டை ஏறியது. அவன் அங்கேயே உட்கார்ந்து இரண்டு காலையும் தடவித் தடவிப் பார்த்தவன், பிறகு எழும்பவே இல்லை. ஜீவன் ஃபோன் எடுத்துக்கொண்டு சிக்னல் தேடிக் கீழே இறங்கினான். புரியாணிச் சட்டிக்குக் காவல் வேண்டும் என்று தலைவர் வேனைவிட்டு இறங்கவேயில்லை. துஷாந்தினி மட்டும் உச்சிவரை போய், நாற்பது நிமிடம் அவர்களுக்காகக் காத்திருந்து, திரும்பி வந்தாள். வந்தபோது சட்டி காலி.

இந்த லட்சணத்தில்தான் படிவம் வந்தது. ஆட்களை ஏரிக்குக் கூட்டிப்போவது கோயம்புத்தூரிலுள்ள ஒரு சின்னக் கம்பெனி. நாலு படிவத்தையும் தலைவரே நிரப்பினார். இதுவரை ஏறிய அதிக உயரம் என்ற இடத்தில் நாலு பேருக்கும் நமுனுகுலையின் உயரத்தை, ஆறாயிரத்து அறுநூற்றெண்பது என்று போட்டார். தேயிலை ஊர்க்காரர்களுக்கு உயரமென்றால் அடிதான். தோட்டம் எத்தனை அடியில் இருக்கிறது என்பதைப் பிறந்த தேதி மாதிரி சொல்லுவார்கள், தொழிற்சாலைப் பலகையிலும் அடிக் கணக்குத்தான் எழுதியிருக்கும். படிவம் கேட்டதோ மீட்டரில். முன்ஸிப் அதைப் பார்க்கவில்லை. துஷாந்தினியோ இவர்கள் எழுதுவதை வாசிப்பதே கௌரவக் குறைவு என்று கையெழுத்தை மட்டும் போட்டுக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் கம்பெனிப் பெண்ணொருத்தி வீடியோவில் பேசினாள். நாலு பேரும் ஸியாமின் ஃபோனைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள்.

"ஆறாயிரத்து அறுநூற்றெண்பது மீட்டர்னு போட்டிருக்கீங்க. எத்தனை நாள் ஆச்சுங்க ஏற?"

"எத்தன நாளா? காலைல ஏறின, பகல் சாப்பாட்டுக்கு எறங்கின" என்றார் முன்ஸிப்.

அந்தப் பெண் படிவத்தை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு மெதுவாக, "ஆக்சிஜன் எடுத்துட்டுப் போனீங்களா?"

"அதெல்லாம் தேவைப்படல்ல" என்றார் தலைவர், மிகுந்த அடக்கத்துடன்.

துஷாந்தினி ஃபோனைத் தன் பக்கம் திருப்பினாள். குறுக்கே புகுந்து, அது அடிக்கணக்கு, மீட்டரில் இரண்டாயிரத்துச் சொச்சம்தான், அதிலும் உச்சிவரை போனது தான் மட்டும்தான் என்று சொன்னாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை. "பனியில இந்த மாதிரித் தப்பு ஆளைக் கொன்னுடும்ங்க" என்றாள். ஒவ்வொருவரும் உள்ளதை எழுதிப் புதுப் படிவம் அனுப்ப வேண்டும். ஐந்து கிலோமீட்டரை நாற்பது நிமிடத்துக்குள் ஓடி, வீடியோவும் அனுப்ப வேண்டும். இரண்டு வாரம் தவணை.

ஃபோன் அணைந்ததும் மூவர் முகத்தையும் துஷாந்தினி பார்த்தாள். கோபம் இருக்கும் என்று நினைத்தாள். இருந்தது நிம்மதி. பரீட்சை ரத்தானதைக் கேட்ட பிள்ளைகளின் முகம்.

"எங்கட ஊர் ஆக்கள மதிக்காத கம்பெனி எங்களுக்கு வாணாம்" என்றார் முன்ஸிப். "அடுத்த வருசம் காஷ்மீர் போடுவம்."

"காஷ்மீர்னா டீ-ஷர்ட்ட மாத்தணும்" என்றான் ஜீவன்.

"என் லீவு ஜனவரிக்குங்க, முன்ஸிப் நானா" என்றாள் துஷாந்தினி.

"லீவு எங்க போகப் போகுது, மிஸ்."

அவள் பஸ்ஸில் திரும்பினாள். முதல் பாதி வழி அவர்களைத் திட்டினாள். இரண்டாம் பாதியில் திட்டுவதற்கு ஆள் தீர்ந்துபோய்த் தன்னிடம் வந்தாள். அந்தக் கம்பெனியில் தனி ஆளும் சேரலாம், பெண்கள் நிறையப் பேர் தனியாகவே வருகிறார்கள் என்பது அவளுக்கு முதல் நாளே தெரியும். தெரிந்தும் ஒன்றரை வருடம் அந்தப் பின்னறையில் ரப்பர் வாசத்துக்குள் உட்கார்ந்திருந்தாள். அவர்களைப் பார்த்து மூக்கால் சிரிப்பது சுகமாக இருந்தது. நாலு பேர் போகிறார்கள், நானும் போகிறேன் என்று சொல்வது லேசு. எனக்கு ஆசையாக இருக்கிறது, போகிறேன் என்று சொல்லத்தான் நாக்கு எழவில்லை. அவர்கள் மூவரும் கோமாளிகள் என்றால், கோமாளிகளின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருந்தவளை என்னவென்று சொல்வது. அதற்கு ஒரு வார்த்தை தேடினாள். கிடைத்த எதுவும் மரியாதையாக இல்லை.

தனியாகப் போகிறேன் என்று அன்றிரவே சங்கத்தின் ஃபோன் குழுவில் போட்டாள். பதில் போட்டவர் முன்ஸிப் மட்டும். 'ஐஸில் எங்கள் சங்கத்தின் பெயரை எழுதிப் படம் அனுப்புங்கள் மிஸ்' என்று. அவள் குழுவைவிட்டு வெளியேறினாள்.

ஓட்டத்தை இரண்டாவது தடவையில் முப்பத்தெட்டு நிமிடத்தில் முடித்தாள், இடமும் கிடைத்தது. முதல் தடவை கெட்டுப்போனதற்குக் காரணம் தோட்டம். மிட்வைஃப் ஓடினால் அங்கே ஓர் அர்த்தம்தான் உண்டு. விடிகாலை பெரட்டுக்கு நின்ற பெண்கள் அவளைக் கண்டதும் வேலைக்குப் பெயர் கொடுப்பதை விட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடி வந்தார்கள். யாருக்கு வலி, எந்த லயம் என்று கேட்டு, அவர்களில் ஒருத்தியான பாக்கியலெட்சுமி கையைப் பிடித்து நிறுத்தியேவிட்டாள். ஒன்றுமில்லை, சும்மாதான் என்று மழுப்பிவிட்டுத் துஷாந்தினி வீட்டுக்கு நடந்தாள்.

இரண்டாவது நாள் மூன்றாம் கிலோமீட்டரில் தேயிலைக் கொழுந்து லொறி பின்னால் வந்து அவளை ஒட்டியே ஊர்ந்தது. டிரைவர் சிவஞானம் கதவைத் திறந்து பிடித்தார்.

"ஏறுங்க மிஸ். ரெண்டு நிமிசத்துல கொண்டுபோய் விட்டுர்றேன். எந்த லயத்துக்கு?"

"எந்த லயத்துக்கும் இல்லீங்க."

"பின்ன யாருக்காக இப்படி ஓடுறீங்க?"

மூச்சு வாங்கியது. முந்தின நாள் சொன்ன பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

"எனக்காகத்தாங்க" என்றாள்.

சிவஞானம் அதை விளங்கிக்கொள்ளக் கொஞ்ச நேரம் எடுத்தார். பதினொரு வருடமாக இந்த ரோட்டில் அவளைப் பார்க்கிறவர். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, லொறியை ஓரமாக நிறுத்தி வழி விட்டார்.