பித்தளை மூடிக்குள் நான் ஊற்றிய எண்ணெய்

2024 ஜனவரி 7, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு நாற்பது. இடம் மூணாறுக்குப் பக்கத்து மலையூர் சின்னக்கானல். காற்று இல்லை. தேயிலைச் செடிகளின் மேல் பனிநீர் அப்படியே நின்றது. வண்டியின் முகப்பில் நானே ஒட்டி வைத்திருக்கும் வெப்பமானி ஏழு டிகிரி காட்டியது. சாவியைத் திருப்பினேன். பெட்ரோல் பம்ப் பதினான்கு முறை டிக் டிக் என்று அடித்து நின்றது; அதுதான் சரியான எண்ணிக்கை. சோக்கை இழுத்து ஸ்டார்ட்டர் குமிழையும் இழுத்தேன். இஞ்சின் பிடித்தது. ஆக்சிலேட்டரில் கால் வைத்ததும் இரண்டு தும்மல், ஒரு கறுப்புப் புகை, நின்றுவிட்டது. இப்படி ஏழு முறை.

வண்டி இங்கிலாந்தில் செய்த சின்ன பிக்கப். என்னைவிட ஒன்பது வயது இளையது. முன்னால் இருவர் உட்காரலாம். பின்னால் ஐந்து மூட்டை நெல் ஏற்றலாம். நான் நான்குக்கு மேல் விடுவதில்லை. மலையில் ஒரு எஸ்டேட்டில் அதிகாரிகள் ஓட்டித் தேய்த்த பிறகு, 2012இல் ஏலத்தில் எடுத்தேன். அது முதல் கீழே சமவெளியில், கொழிஞ்சாம்பாறையில் எங்கள் கிணற்றடி மோட்டார் அறைக்குப் பக்கத்துக் கொட்டகையில் நிற்கிறது. அதன் சில்லறை வேலைகளை நானே செய்கிறேன். மாதத்தின் முதல் ஞாயிறு கிரீஸ், பத்து இடங்களில். பேட்டரித் தண்ணீர், ஆறு அறைகள். நட்டுகளெல்லாம் அங்குலக் கணக்கு. கடையில் விற்கிற மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டால் நட்டின் முனை மழுங்கிவிடும் என்பதை மூன்று நட்டுகளைக் கெடுத்துத் தெரிந்துகொண்டேன்.

என்னால் ஆகாத வேலைகளுக்கு ஒரே ஒருவர்தான் இருந்தார். அந்த எஸ்டேட் காரேஜில் முப்பத்தெட்டு வருடம் பிட்டராக இருந்தவர், என்னைவிட நான்கு வயது சிறியவர். ஏலத்தன்று வண்டியின் பானெட்டைத் தட்டிக் கொடுத்துவிட்டு, என் ரசீதின் பின்பக்கம் தன் தொலைபேசி எண்ணை எழுதினார். ஓய்வு பெற்ற பிறகு, மகன் கட்டிய இரண்டு அறை வீட்டில் சின்னக்கானலிலேயே தங்கிவிட்டார். வண்டியில் ஏதாவது சத்தம் கேட்டால் நான் அவரைக் கூப்பிடுவேன். "போனை இஞ்சின் பக்கத்துல பிடிங்க அண்ணாச்சி" என்பார். அரை நிமிடம் கேட்பார். "டேப்பட்டு லூசு. சட்டியில கடுகு பொரியுத மாதிரி கேக்கு பாருங்க" என்பார். அப்படியே பேச்சு வேறு எங்கோ போகும். மழை, யானை, மகனின் வேலை, என் மூட்டுவலி. எனக்குப் பேச்சு அதிகம் வராது. வீட்டுக்கு வருகிறவர்கள் பத்து நிமிடத்தில் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அவரோடு மட்டும் நாற்பது நிமிடம், ஐம்பது நிமிடம். அவர் கைவிட்டால் இந்த வண்டி நின்றுவிடும் என்பது எனக்குத் தெரியும். வண்டி நின்றால் இந்தப் பேச்சும் நின்றுவிடும் என்பதும் தெரியும். தெரிந்தும்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை அப்படி நடந்துகொண்டேன்.

முந்தைய அக்டோபரில் கார்புரேட்டரைக் கழற்றி, பழைய வேட்டியில் சுற்றி, மூன்று பேருந்து மாறி அவரிடம் கொண்டு போயிருந்தேன். உள்ளே இருக்கும் ஊசி தேய்ந்துவிட்டது என்று புது ஊசி வாங்கிப் போட்டுக் கொடுத்தார். கார்புரேட்டரின் தலையில் ஒரு பித்தளை மூடி உண்டு. மூடியோடு சேர்ந்த சிறு தண்டு ஒன்று உள்ளே எண்ணெயில் முங்கி நிற்கும். ஆக்சிலேட்டரை மிதித்தால் கீழே இருக்கும் பிஸ்டன் மேலே எழுந்து காற்றுக்கு வழி விட வேண்டும். அது துள்ளி எழாமல் நிதானமாக எழுவதற்குத்தான் அந்த எண்ணெய். "மாசம் ஒருக்க தொறந்து நாலு சொட்டு விடுங்க. மெல்லிசா இருக்கணும், கொழகொழன்னு வேண்டாம்" என்று சொல்லி அனுப்பினார்.

மெல்லிசு என்றால் எவ்வளவு மெல்லிசு? அதை அவரிடமே கேட்டிருக்கலாம். நான் அளந்து பார்த்தேன். ஜனவரி மலைப்பயணத்துக்கு முந்தைய நாள், வெள்ளிக்கிழமை, பகல் இரண்டு மணி, கொட்டகைக்குள் முப்பத்து மூன்று டிகிரி. மூன்று எண்ணெய்களை மாற்றி மாற்றி ஊற்றி, பிஸ்டனை விரலால் தூக்கி, எழுந்து இறங்கும் வரை எண்ணினேன். இஞ்சின் ஆயிலுக்கு ஒன்பது. தையல் மிஷின் எண்ணெய்க்கு மூன்று. எங்கள் தோப்புக் காயைச் செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய்க்கு ஐந்து. ஒன்பதுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஐந்து நியாயமாகப் பட்டது. தேங்காய் எண்ணெயையே ஊற்றி மூடினேன்.

என் மனைவி கையில் காலிக் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"ஏனுங்க, தலைக்கு வெக்கறதுக்குன்னு எடுத்து வெச்ச எண்ணைய வண்டிக்கு ஊத்திப்போட்டீங்களா?"

"நாலு சொட்டுத்தான்."

"அதுக்காச்சும் முடி வளருதான்னு பாருங்க. உங்களுக்குத்தான் வளரக் காணோம்."

சனிக்கிழமை வெயில் ஏறிய பிறகு இருவரும் கிளம்பினோம். பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர், மூணாறு. வண்டியின் மீட்டர் மைலில் ஓடும். நூற்று இரண்டு மைல், ஏழு மணி பத்து நிமிடம், இஞ்சின் ஆற மூன்று நிறுத்தம். ஒரு தும்மல் இல்லாமல் ஏறியது. வருடா வருடம் ஜனவரியில் இப்படிப் போவோம். நாங்கள் அரிசியும் தேங்காயும் கொண்டுபோவோம். அவர் பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் பிரித்துப் பார்ப்பார்.

அவர் வீட்டுக்குத் திரும்பும் வளைவில் ஒரு ரிசார்ட் இருக்கிறது. அதன் வாசலில் இந்தமுறை இதே வகைப் பிக்கப் ஒன்றை அலங்காரத்துக்கு நிறுத்தியிருந்தார்கள். பச்சை பெயிண்ட், பின்தொட்டி முழுக்கப் பூச்சட்டிகள், விளக்கு வளையங்கள் பளபளவென்று. "நம்ம கைதான் அண்ணாச்சி. மகன் வேல பாக்குத எடம்லா, சும்மா துடைச்சு வெச்சேன்" என்றார் பிட்டர். நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். மனத்துக்குள் அந்த வண்டியிலும் என் வண்டியிலும் ஒரே அளவில் இருக்கக்கூடிய பொருட்களை எண்ண ஆரம்பித்தேன். பதினாறு வந்தது.

மறுநாள் காலை ஏழாவது முறையும் வண்டி நின்றபோது அந்தப் பதினாறும்தான் நினைவில் வந்தன.

பிட்டர் தலையில் மப்ளர் சுற்றிக்கொண்டு, கையில் டீ கிளாஸோடு வந்தார். "என்ன அண்ணாச்சி, வண்டிக்கு சளியா? ஒரு கம்பிளியப் போத்தி விட்ருக்கலாம்லா" என்றார். தள்ளிப் பார்க்கலாம் என்று பக்கத்து வீட்டு ஜீப் டிரைவரும் வந்தார். தள்ளியும் அதே கதை. பிட்டர் ஒரு பிளக்கைக் கழற்றினார். நனைந்து கறுப்பாக இருந்தது.

"பெட்ரோல் நல்லாத்தான் குடிக்கி. மூச்சுதான் விட முடியல. கார்புரேட்டர்ல என்னவோ பிடிக்கி."

நான் ராத்திரி முழுக்கக் குளிரில் சரியாகத் தூங்கவில்லை. அது காரணமாகாது, இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

"ஏனுங் பிட்டரே, நெசமாச் சொல்லுங்க. அந்த ஊசிய மாத்துனீங்களா?"

"மாத்தினேனே."

"புதுசுதானுங்களா? பழசயே தொடச்சு வெச்சுட்டு, புதுச வேற வண்டிக்குப் போட்டுட்டீங்களோன்னு எனக்கு ஒரு சந்தேகமுங்க. நேத்து பாத்தனே, அந்தப் பச்ச வண்டியில எல்லாம் மின்னுதே."

சொல்லி முடித்ததும் எனக்கே கேட்டது. ஜீப் டிரைவர் சிரித்துவிட்டார். "என்ன பிட்டரே, இங்கிட்டுக் கழட்டி அங்கிட்டு மாட்டுத யாவாரமா? நம்ம ஜீப்ப இனிமே உம்ம கண்ணுல காட்டப்படாது வே!" அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை.

பிட்டர் டீ கிளாஸை மட்கார்டின் மேல் வைத்தார். பித்தளை மூடியை விரலாலேயே திருகினார். திருகு கழன்றது, தண்டு வரவில்லை. பிடித்து இழுத்தார். வந்தபோது அதைச் சுற்றி வெள்ளையாக, வெண்ணெய் மாதிரி ஏதோ அப்பியிருந்தது. மோந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மப்ளரைத் தளர்த்தி, அந்த வெள்ளையைச் சுண்டுவிரலால் வழித்து, உள்ளங்கையில் தேய்த்துத் தலையில் தடவிக்கொண்டார்.

"நல்ல எண்ணெ. செக்குல ஆட்டினதா?"

ஜீப் டிரைவர் குத்தவைத்து உட்கார்ந்து சிரித்தார். "இங்க பச்சப்பிள்ளைக்குத் தெரியும் சார். எண்ணெக் குப்பிய அடுப்புத் திட்டுல வெச்சாத்தான் தலைக்கு ஆகும்!"

எனக்கும் தெரியும். அதுதான் விஷயம். மார்கழியில் எங்கள் வீட்டிலும் எண்ணெய்ப் புட்டி காலையில் கட்டியாகிவிடும். என் மனைவி அதை வெயிலில் வைப்பாள். நாற்பத்தாறு மார்கழியாக அதைத் தாண்டித்தான் குளியலறைக்குப் போகிறேன். முப்பத்து மூன்று டிகிரியில் பிஸ்டனை எண்ணியவன், மேலே ஏழு டிகிரி இருக்கும் என்று எண்ணவில்லை. முந்தைய நாள் முழுக்க இஞ்சின் சூட்டில் அது உருகியே இருந்தது. ராத்திரி நிறுத்தியபின் உறைந்து, பிஸ்டனை எழவிடாமல் பிடித்துக்கொண்டது.

இதை நான் அங்கேயே விளக்கினேன். தேங்காய் எண்ணெய் உறைவது ஏறக்குறைய இருபத்து நான்கு டிகிரியில் என்றேன். கொழிஞ்சாம்பாறைக்கும் சின்னக்கானலுக்கும் உள்ள உயர வித்தியாசத்தைச் சொன்னேன். பிட்டர் கேட்டுக்கொண்டிருந்தார். படியில் நின்ற என் மனைவி, "அதெல்லாம் அப்புறம் சொல்லுங்க. சொல்ல வேண்டியத மொதல்ல சொல்லுங்க" என்றாள். நான் தவறு என்னுடையதுதான் என்று சொன்னேன். ஊசியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. என் மனைவி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பிட்டரின் மனைவியோடு சமையலறைக்குள் போய்விட்டாள்.

பிட்டர் தண்டையும் உட்குழியையும் பெட்ரோலில் கழுவி, தன் புட்டியிலிருந்து மெல்லிய எண்ணெய் விட்டு மூடினார். நான் ஸ்டார்ட் செய்தேன். முதல் இழுப்பிலேயே பிடித்தது, நிற்கவில்லை. பிறகு அவர் வீட்டுக்குள் போய் ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொண்டு வந்து என் கையில் வைத்தார். உள்ளே ஒரு ஊசி. நடுவில் தேய்ந்து மினுங்கியது.

"ஒங்க பழசு. குடுக்கணும்னு வெச்சிருந்தேன். அந்தப் பச்ச வண்டியில, சார், இஞ்சினே கெடையாது. பானெட்டத் தூக்குனா மண்ணு. ரோசாச் செடி வெச்சிருக்காவ."

அதற்குப் பிறகு பிரேக் வேலையை ஆரம்பித்தார். நான்கு சக்கரத்தையும் கழற்றினார். எந்த வருடமும் இரண்டு நாள் ஆகும் வேலை, ஏனென்றால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு கதை இருக்கும். அன்று பகல் ஒன்றரைக்கு முடிந்துவிட்டது. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். ஒரு குறையும் வைக்கவில்லை. இடது பின்சக்கரத்தின் பைப்பில் நான் பார்க்காத ஒரு கசிவைக் கண்டுபிடித்து அதையும் சரி செய்தார். செவ்வாய்க்கிழமைதான் கிளம்புவதாக இருந்தோம். சாப்பிட்டுவிட்டு அன்றே கிளம்பலாம் என்று நான் சொன்னபோது, "மழ இல்ல, ரோடு நல்லாருக்கும்" என்றார்.

வண்டிக்கு அருகில் வந்து, வழக்கம்போல, "என்ன குடுக்கட்டுமுங்க?" என்று கேட்டேன். பதினோரு வருடமாக நான் கேட்பேன், அவர், "போங்க அண்ணாச்சி, அடுத்த வருசம் தேங்கா நாலு கூடக் கொண்டாங்க" என்பார். சாமான் விலையைத் தவிர ஒரு ரூபாய் வாங்கியதில்லை.

அன்று கையைத் துணியில் துடைத்துக்கொண்டே ஒரு தொகை சொன்னார்.

நான் தப்பாகக் கேட்டுவிட்டேனோ என்று பார்த்தேன்.

"கூலி, சார். நண்பன்னா சந்தேகம் வராது. சந்தேகம் வந்துட்டா நான் விக்குதவன், நீங்க வாங்குதவரு. விக்குதவன் காசு வாங்கணும்லா." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன்.

ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டி மீதி வேண்டாம் என்றேன். அவர் உள்ளே போய் மீதியைக் கொண்டுவந்து, என் முன்னால் எண்ணிக் கொடுத்தார்.

அதன் பிறகு வந்த பன்னிரண்டு மாதத்தில் நான் அவரைப் பதினெட்டு முறை கூப்பிட்டேன். எடுத்தார். போனை இஞ்சின் பக்கத்தில் பிடிக்கச் சொன்னார். சொன்னதெல்லாம் சரியாக இருந்தது. மிக நீண்ட பேச்சு ஆறு நிமிடம். அவராகக் கூப்பிட்டது இல்லை. மன்னிக்கச் சொல்லி ஒரு கடிதம் எழுதலாம் என்று இரண்டு முறை உட்கார்ந்தேன். இரண்டு முறையும் அது எண்ணெயைப் பற்றிய விளக்கமாக முடிந்தது.

அன்று மதியமே மலையிறங்கினோம். நான் கூலி கொடுத்தபோது என் மனைவி சமையலறைக்குள் இருந்ததால் அது அவளுக்குத் தெரியாது. சின்னாறு செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்தி, பதிவேட்டில் வண்டியின் எண்ணை எழுதிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"பிட்டருக்கு ஏதாச்சும் குடுத்தீங்களா?" என்றாள்.

"குடுத்தேன்."

"எப்பவும் வாங்க மாட்டாரே."

"இன்னிக்கு வாங்கிக்கிட்டார்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "வாங்கிக்கிட்டாரா?"

"ம்."

"எத்தனைங்க?"

"முந்நூத்தம்பது ரூபாய்."