நாற்பத்தேழாம் கேள்வியில் காணாமல் போன வார்த்தை

மனு எழுதியே முப்பது வருஷம் ஓட்டியவனை மனு வாங்கும் கவுண்ட்டரில் உட்கார வைப்பதைவிட நேர்த்தியான தண்டனையை எந்த நிர்வாகமும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலை வாசலில் "நிபந்தனையின்றி வேலைக்கு எடு" என்று தொண்டை கிழியக் கத்தியவன் நான். எடுக்கவில்லை. இப்போது மேற்குத் தாம்பரத்தில் ஒரு நுழைவுத்தேர்வுப் பயிற்சி மையத்தில் எனக்கு இரண்டு வேலை. ஒன்று, தமிழ் வினாத்தாளுக்குப் பிழை திருத்துவது. மற்றது, தேர்வு முடிந்து மூன்று நாள், "உங்க விடைக்குறிப்பு தப்பு" என்று வருகிறவர்களின் மனுவை வாங்குவது. கவுண்ட்டருக்கு எந்தப் பக்கம் நின்று நொந்தவராக இருந்தாலும் சரி, அன்பர்களே, வாருங்கள், சேர்ந்து நோவோம்.

பெருக்கலும் கூட்டலும்

கட்டணமில்லாச் சேர்க்கைக்காக நாங்கள் நடத்திய தேர்வில் நாற்பத்தேழாவது கேள்வி இது. f என்று ஒரு சார்பு, அதாவது ஃபங்ஷன். x பூச்சியமாக இல்லாதவரை, f(x)-ஐயும் f(1/x)-ஐயும் பெருக்கினாலும் கூட்டினாலும் ஒரே விடை வரும். f(3) = 28 என்றால் f(4) எவ்வளவு? 17, 28, 63, 65 என்று நான்கு விடைகள். எங்கள் குறிப்பின்படி 65.

முதல் நாள் முதல் ஆளாக சேலையூரிலிருந்து ஒரு தகப்பனார் வந்தார். ஓய்வு பெற்ற அதிகாரி. சட்டைப் பையில் மூன்று நிறத்தில் பேனா. பெருக்கினால் வருவது கூட்டினால் எப்படி வரும், இது கணக்கா கண்கட்டு வித்தையா என்று மேஜையைத் தட்டினார். "ரெண்டை ரெண்டால பெருக்குங்க சார், நாலு. ரெண்டோட ரெண்டைக் கூட்டுங்க, அதுவும் நாலு" என்றேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டுக்கு வருது, ஒத்துக்கறேன். எங்க பையனுக்கு ஏன் சார் வரல?"

பத்து செகண்ட் வித்தை

எனக்கும்தான் வரவில்லை. நான் கல்லூரி வாசலை மறியல் செய்யத்தான் மிதித்திருக்கிறேன். படித்ததெல்லாம் நாலணா பிரசுரங்கள். அதனால் மைய உரிமையாளரும் கணித ஆசிரியருமான ராகவனிடம் கேட்டேன். 28-இல் ஒன்றைக் கழி, 27. அது மூன்றின் கனம். நான்கின் கனம் 64, ஒன்றைக் கூட்டு, 65. முடிந்தது. ஒரு முதலாளி இவ்வளவு சீக்கிரம் கணக்கை முடித்து நான் பார்த்ததேயில்லை.

எதற்கு ஒன்றைக் கழிக்க வேண்டும், எதற்குக் கனம் என்று விடாமல் பிடித்தேன். சலித்துக்கொண்டே சொன்னார். f-இல் ஒன்றைக் கழித்தால் மிஞ்சுவதை g என்று வைத்துக்கொள். g(x)-ஐ g(1/x)-ஆல் பெருக்கினால் எப்போதும் ஒன்றுதான். பல்லுறுப்புக்கோவைகளில் அப்படி நடந்துகொள்வது x-இன் ஏதாவது ஓர் அடுக்கு மட்டுமே, முன்னால் கூட்டல் குறியோ கழித்தல் குறியோ இருக்கும், அவ்வளவுதான். அது ஏன் என்று வாயைத் திறந்தேன். "ஏன்னு கேட்டா ரேங்க் வராதுண்ணா, டவுட்டுதான் வரும்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

பல்லாவரத்து மனு

கடைசி நாள் நஸ்ரின் வந்தாள். அப்பா பல்லாவரத்தில் தோல் பட்டறையில் வேலை. போன வருஷம் நுழைவுத்தேர்வில் தவறியவள். கட்டணமில்லா இடம் கிடைத்தால் மட்டும் இன்னொரு வருஷம் படிக்கலாம் என்று வீட்டில் அவகாசம். அந்த இடத்துக்கு அவளுக்கு ஒரே ஒரு மதிப்பெண் குறைந்தது. நாற்பத்தேழுக்கு அவள் போட்டிருந்த விடை 28.

நான் ராகவனிடம் கற்ற வித்தையைக் கொஞ்சம் மிடுக்காகவே எடுத்துவிட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அது பல்லுறுப்புக்கோவையா இருந்தா சார். இங்கிலீஷ் பேப்பர்ல பாலினாமியல்னு இருக்கு. தமிழ் பேப்பர்ல வெறும் சார்புன்னுதான் இருக்கு" என்றாள். பிறகு மனுவின் பின்பக்கத்தைக் காட்டினாள். எண் ஒன்றைவிடப் பெரிதானால் f-இன் மதிப்பு 28. பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே 28/27. மற்ற எல்லா இடத்திலும் 2. பெருக்கிப் பார்த்தேன், 784/27. கூட்டிப் பார்த்தேன், அதே 784/27. மூன்றில் 28, நான்கிலும் 28. கேள்வி கேட்டதெல்லாம் பொருந்தியது.

இதேபோல 17-க்கும் 63-க்கும்கூட ஒரு சார்பைக் கட்டிவிடலாமாம். "அப்புறம் ஏம்மா 28?" என்றேன். "நாலுமே சரின்னு தெரிஞ்சிடுச்சு சார். கேள்வியிலயே இருந்த நம்பர் பாவம்னு அதையே வச்சேன்."

சிவப்பு மை

வார்த்தையைத் தின்றவர் யார் என்று கண்டுபிடித்து நாறடித்துவிடுவது என்று கிளம்பினேன். வர்க்க உணர்வற்ற அலட்சியம், தமிழ்வழி மாணவர்க்கு இழைத்த அநீதி என்றெல்லாம் வாசகங்கள் தயார். தட்டச்சு செய்யும் வசந்தா அக்காவின் மேஜையில் போய் இடித்தேன். அவர் அசையாமல் பழைய திருத்தப் படியை எடுத்து நீட்டினார். கேள்வி மூன்றாவது வரிக்கு வழிந்திருந்தது. 'பல்லுறுப்புக்கோவை' சிவப்பு மையில் அடிக்கப்பட்டு, மேலே 'சார்பு' என்று எழுதியிருந்தது.

துண்டறிக்கை எழுதிப் பழகிய கைக்கு ஒரு வியாதி உண்டு: நீளமான வார்த்தையைக் கண்டால் வெட்டும். தெருவில் போகிறவன் இரண்டு வரிக்கு மேல் படிக்க மாட்டான் என்பது எங்கள் பாலபாடம். வசந்தா அக்கா விடவில்லை: "நாந்தான் அப்பவே கேட்டேனே, இத்தத் தூக்கினா கணக்கு கெட்டுப்பூடாதான்னு. நீ இன்னா சொன்ன? வளவளன்னு கீதுன்ன. உன் கையெழுத்துதாண்ணா கீது, பாத்துக்கோ."

இரு தரப்புப் பேச்சுவார்த்தை

ராகவனிடம் போனேன். அவர் மனுவைப் புரட்டினார், கணக்கு சரி என்றார், ஏற்க முடியாது என்றார். கேட்பது ஒருத்திதான், ஒப்புக்கொண்டால் மையத்தின் பெயர் கெடும். இந்த வசனத்தை எத்தனை நிர்வாகிகளின் வாயில் கேட்டிருப்பேன்! ஆனால் எதிர்க் கோஷம் போட வாய் வரவில்லை, குற்றவாளியே நான்தானே.

"தவறு எங்களுடையது" என்று நிர்வாகம் எழுதித் தர வேண்டும் என்று முப்பது வருஷம் கேட்டிருக்கிறேன். ஒரு நாளும் கிடைத்ததில்லை. அந்த ஒரு வரியை என் கையால் எழுத எனக்கு நான்கு காகிதம் கிழிந்தது. ஐந்தாவதில், வார்த்தையை வெட்டியவன் நான், தமிழ்த் தாள் எழுதிய எல்லோருக்கும் அந்த மதிப்பெண் தரப்பட வேண்டும், தராவிட்டால் நாளை காலை நான் கவுண்ட்டருக்கு வெளிப்பக்கம் உட்காருவேன் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். ராகவன் இரண்டு முறை படித்தார். என் பழைய சரித்திரம் அவருக்குத் தெரியும். வாசலில் நான் உட்கார்ந்தால் எழுந்திருப்பது லேசில் நடக்காது. கடைசியில் பேனாவைத் திறந்தார். "மேனேஜ்மென்ட்டும் நீங்களே, யூனியனும் நீங்களே. நடுவுல நான் எதுக்குண்ணா?"

திருத்த அறிவிப்பு

கேள்வியைத் திருத்தி, மதிப்பெண் விவரத்தோடு அறிவிப்புப் பலகையில் நானே ஒட்டினேன். பல்லுறுப்புக்கோவையைக் கொட்டை எழுத்தில் போட்டேன். நஸ்ரின் அப்பாவோடு சேர்க்கைப் படிவம் நிரப்ப வந்தாள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். முப்பது வருஷத்தில் என் மனு ஒன்று ஜெயித்தது அதுதான் முதல் தடவை. கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன் என்றால் மன்னியுங்கள்.

அவள் பலகையருகே போய் அறிவிப்பை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "சார், இந்தத் தடவை 'x பூச்சியம் இல்லை'ங்கறதை வெட்டிட்டீங்க."

நிபந்தனையின்றி, நிபந்தனையின்றி என்றே ஆயுளெல்லாம் கத்தியவனுக்கு, நிபந்தனையை எடுத்துவிட்டால் எந்த விடையும் சரியாகிவிடும் என்பதைச் சொல்லிக்கொடுக்கக் கடைசியில் ஒரு நாற்பத்தேழாம் கேள்விதான் கிடைத்தது.