காலில் மாட்டாத கயிறு

மீட்புப் படகு ஓட்டுகிறவன் காலில் ஒரு சிவப்புக் கயிறு இருக்க வேண்டும். கில் கார்டு என்போம். ஒரு முனை என்ஜினில், மறு முனை முழங்காலில். ஆள் தண்ணீரில் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொள்ளும், என்ஜின் நின்றுவிடும். பிள்ளைகளுக்குப் பாய்மரப் படகு சொல்லித்தருவதே பிழைப்பாக இருந்த நான் அந்தச் சனிக்கிழமை அதை மாட்டவில்லை. குனிந்து எழ இடைஞ்சல் என்று என்ஜினிலேயே தொங்க விட்டிருந்தேன்.

வங்கக் கடலில் தாழ்வு மண்டலம். வாலாஜாபாத் பக்கத்து ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. மாநிலப் போட்டிக்கு முன்பு பலத்த காற்றில் பழகட்டும் என்று இரண்டு நாள் பயிற்சி வைத்தோம். பன்னிரண்டு பிள்ளைகள், ஆளுக்கொரு டிங்கி, ஒருவர் ஓட்டும் சின்னப் பாய்மரப் படகு. மீட்புப் படகு இரண்டு. ஒன்றில் நான், இன்னொன்றில் உதவிப் பயிற்சியாளர் செல்வி.

மதியத்துக்கு மேல் காற்று ஏறியது. திரும்பச் சொல்லி விசில் ஊதுவதற்குள் யாழினியின் டிங்கி கவிழ்ந்தது. பெரிய காஞ்சிபுரத்து நெசவாளர் குமரேசனின் மகள், பன்னிரண்டு வயது, அணியிலேயே கெட்டிக்காரி. அவள் லைஃப் ஜாக்கெட்டைப் பிடிக்கக் குனிந்தேன். ஓர் அலை தூக்கிப் போட்டது; தலைகுப்புற விழுந்தேன். என்ஜின் நிற்கவில்லை. ஆளில்லாத படகு எங்கள் இருவரையும் சுற்றி வட்டமடிக்கத் தொடங்கியது.

"கவுந்த படகு மேல ஏறும்மா. கால தண்ணில விடாத" என்றேன். ஏறிக்கொண்டாள். மூன்றாவது சுற்றில் புரொபெல்லர் அவளுடைய டிங்கியின் சுக்கானைச் சீவிக்கொண்டு போனது. செல்விதான் இழுவைக் கயிற்றை அந்தப் படகின் பாதைக்குக் குறுக்கே வீசினார். கயிறு புரொபெல்லரில் சுற்றியது, என்ஜின் அடங்கியது.

கரை ஏறியதும் குமரேசன் ஓடி வந்து என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். நான் மகளைக் காப்பாற்றக் குதித்தேன் என்று கரையில் நின்ற எல்லோரும் நினைத்துவிட்டார்கள். மற்ற பெற்றோர் கும்பிட்டார்கள். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், அந்தக் கும்பிடு எனக்கு இனித்தது. நான் விழுந்ததை யாழினி பார்த்தவள். துண்டைப் போர்த்திக்கொண்டு, பெரியவர்கள் பேச்சில் குறுக்கிடாமல் நின்றாள். என் பொய்யை இவளும் சுமக்க வேண்டுமா என்று பட்டது.

"நான் குதிக்கல குமரேசன். விழுந்துட்டேன். கால்ல கயிறு மாட்டல. உங்க பொண்ணு உயிருக்கு ஆபத்து வந்ததே என்னாலதான்" என்றேன்.

அவர் கையை விட்டார்.

"சொல்லாம இருந்திருந்தா உங்கள சாமியா நெனச்சிக்கினு இருந்திருப்பேன் சார். இப்ப பயமா இருக்குது. இனிமே அனுப்ப மாட்டேன்."

மகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அவள் அழுதுகொண்டே போனாள்.

யானைக்கும் அடி சறுக்கும் என்று நண்பர்கள் ஆறுதல் சொன்னார்கள். சறுக்கல் இல்லை, திமிர். மறுநாள் ஏரிக்கரையில் பிள்ளைகளை உட்கார வைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர்கள் பார்க்கவே கயிற்றைக் காலில் மாட்டிக்கொண்டு படகில் ஏறினேன்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். தவறு நடந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஒரு ராத்திரி தாண்டினால், கிடைத்த கும்பிடு பழகிப்போகும். பிறகு சொல்ல வாய் வராது. யாழினி திரும்ப வரவில்லை. உண்மையைச் சொல்லி நான் இழந்தது அவளை. சொல்லாமல் இருந்திருந்தால் கயிறும் என்ஜினிலேயே தொங்கியிருக்கும். மீதிப் பதினொரு பேரில் யாரை இழந்திருப்பேனோ.