முழங்கால் தண்ணீரில் கேட்ட புயல் செய்தி

உங்கள் தாய்மாமா தோணி ஓட்டியவர் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு நாள் அவரைக் கடலுக்குப் போகவிடாமல் நிறுத்துவதற்கு நாங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. நான் எட்டாவது வரை படித்த ஆள். நடந்ததை நடந்தபடி எழுதத்தான் வரும். எழுத்து கோணலாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறு வருஷம். மணமேல்குடிக் கடைத்தெருவில் நான் தையல் மிஷின் போட்டிருந்தேன். என் சொந்த ஊர் வல்லத்திராக்கோட்டை. அங்கே கண்ணுக்கெட்டின மட்டும் வயலும் கண்மாயும்தான். உங்கள் அம்மாவைக் கட்டிய பிறகுதான் கடலையே பார்த்தேன். பார்த்த மாத்திரத்தில் இரண்டடி பின்னால் நகர்ந்துவிட்டேன். அதை அவள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறாள்.

பட்டாளத்தில் ஒயர்லெஸ் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர் ஒருவர் இருந்தார். பட்டாளத்தார் என்றால்தான் ஊருக்குத் தெரியும். வரும்போது ஒரு ரேடியோப் பெட்டி வாங்கி வந்தார். ஊரில் கரண்டு கிடையாது. மோட்டார் வண்டிகளில் இருக்குமே பேட்டரி, அதில் ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒயர் கொடுத்தால் பெட்டி பாடும். அவர் வீடு கூரை வீடு, ஒழுகும். அதனால் பெட்டி என் கடைக்கு வந்தது.

யுத்த காலத்தில் எதிரி கேட்டுவிடுவான் என்று மழை காற்றுச் செய்தியை ரேடியோவில் சொல்லமாட்டார்களாம். இப்போது மறுபடி சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். பட்டாளத்தார் ஒருநாள் என்னிடம் சொன்னார்:

"டெய்லரே, நாகப்பட்டினத்துல புயல் கூண்டு ஏத்துறான். நம்ம கரையில யாரு ஏத்துறா? யாழ்ப்பாணத்துக்குப் போற தோணிக்கெல்லாம் வானம்தான் கூண்டு. நம்ம கேட்டுச் சொன்னா என்ன?"

எனக்கு அது பிடித்துப்போனது. அவர் கேட்பார், நான் துணி தைப்பேன். கரையோரம் ஒரு நெட்டைப் பனை நின்றது. அதன் உச்சியில் கப்பி கட்டிக் கயிறு விட்டோம். ஒரு சிவப்புத் துணி ஏறினால் காற்று வரும், பார்த்துப் போ. இரண்டு ஏறினால் புயல், போகாதே. வேட்டி அகலத்துக்கு நான் தைத்த துணிகள் அரை மைலுக்குத் தெரியும். அரை மைல் என்பது முக்கியம். எங்கள் கரையில் கடல் ஆழமே இல்லை. சேறும் மணலுமாக நெடுந்தூரம் இடுப்பளவுதான். பெரிய தோணிகள் கரைக்கு வரமுடியாமல் தள்ளியே நங்கூரம் போட்டு நிற்கும்.

முதல் தடவையே சறுக்கினோம். புயல் என்று காதில் விழுந்தவுடன் இரண்டு துணியையும் ஏற்றிவிட்டோம். அது எங்கேயோ ஆந்திரக் கரைப் பக்கம் போய்விட்டது. இங்கே மூன்று நாள் வெயில் காய்ந்தது. புறப்படாமல் நின்ற ஒரு தோணியில் ஏற்றியிருந்த வாழைத்தார் அத்தனையும் பழுத்து அழுகியது. அதற்கப்புறம் நான் தெருவில் போனால் தோணிக்காரர்கள், "குடை எங்கே டெய்லரே? ரேடியோப் புயல் வருதாமே!" என்பார்கள். உங்கள் மாமா அந்தத் தோணிக்குத் தண்டல். தண்டல் என்றால் தோணியை நடத்துகிறவர், உயிரும் சரக்கும் அவர் பொறுப்பு. அவர் சிரிக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னார்:

"மாப்ளே, எந்தக் கரைக்கு வருதுன்னு முழுசாக் கேட்டுச் சொல்லுங்க, நிக்கிறேன். அரைகுறையாச் சொன்னா நான் போய்க்கிட்டே இருப்பேன்."

அந்த வருஷம் மழைக்காலத்துக்கு முந்தின கடைசி யாழ்ப்பாண நடை அது, கடைசிப் பயணம். மாமாவின் தோணியில் ஓடு ஏற்றி முடிந்திருந்தது. மறுநாள் மத்தியானம் புறப்பாடு. அதற்கு முந்தின சாயங்காலம் பட்டாளத்தார் அறந்தாங்கிக்குப் போயிருந்தார். என் கடைமுன் பத்திருபது பேர் கூடிவிட்டார்கள். ரேடியோவில் நாதஸ்வரக் கச்சேரி இருக்கிறதாம்.

"ஒரே ஒரு கீர்த்தனை, டெய்லரே. கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிருறோம்."

பேட்டரி காற்றுச் செய்திக்கு மட்டும்தான், ஒரு நாளைக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் கூடாது என்பது பட்டாளத்தாரின் சட்டம். எனக்கும் நாதஸ்வரம் என்றால் உயிர். திருகிவிட்டேன். ஒரு கீர்த்தனை கச்சேரி முழுவதுமாக ஆனது. தவிலும் முடிந்த பிறகுதான் அணைத்தேன்.

காலையில் பட்டாளத்தார் வந்து செய்திக்குத் திருகினார். வங்காள விரிகுடாவில் புயல் என்றது. வேகமாக மேற்கே நகர்கிறது என்றது. நாளைக் காலைக்குள், என்று ஆரம்பித்தது. அவ்வளவுதான். குரல் தேய்ந்து, கொசு மாதிரி முனகி, நின்றுவிட்டது.

பட்டாளத்தார் பேட்டரியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நேத்து யாரு போட்டா?"

"நான்தாங்க."

அவர் பனைக் கயிற்றை அவிழ்க்கப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலாம்.

எந்தக் கரைக்கு என்று தெரியாததால் ஒரு துணியை மட்டும் ஏற்றினோம். தோணியில் இருந்து ஒரு பையன் தன் துண்டை எடுத்து எங்களுக்கே திருப்பி ஆட்டினான். காற்று வேறு அழகாக மேற்கில் இருந்தும் வடக்கில் இருந்துமாகக் கலந்து வீச ஆரம்பித்திருந்தது. பாய் விரித்தால் யாழ்ப்பாணம் வரை தள்ளிக்கொண்டு போகிற காற்று. பட்டாளத்தார் முகம் சுருங்கியது. "புயல் இழுக்கிற காத்து இதுதான் டெய்லரே. கூப்பிடுற மாதிரியே கூப்பிடும்" என்றார்.

அடுத்த செய்தி பன்னிரண்டரைக்கு. பன்னிரண்டு மணிக்கு அறந்தாங்கி பஸ் வரும். பஸ்ஸில் பேட்டரி உண்டு! இது தோன்றியதும் நான் குதித்தே விட்டேன். ஆனால் தோணியும் அதே நேரத்துக்குத்தான் நங்கூரம் எடுக்கும். கடைக்குப் பின்கட்டுதான் எங்கள் வீடு, உள்ளே போனேன். உங்கள் அம்மா கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"முழுசாக் கேட்டாத்தான் நிப்பேன்னு எங்கண்ணன் சொன்னுச்சுல்ல?"

"ஆமா."

"அப்ப முழுசாக் கேக்க வைங்க. அதுவரைக்கும் நான் பிடிச்சு வைக்கிறேன்."

முறத்தைக் கீழே வைத்தாள், சேலையைத் தூக்கிச் செருகினாள், கரைக்குப் போய்க் கடலுக்குள் இறங்கி நடந்தாள். தண்ணீர் வற்றியிருந்த நேரம். முழங்கால், இடுப்பு, மார்பு. கழுத்தளவு வந்தபோது, பின்னாலேயே ஓடிவந்த நான் கரையில் நின்று கத்தினேன். அவள் காதில் விழவில்லை, விழுந்தாலும் நின்றிருக்கமாட்டாள். போய்த் தோணியின் நங்கூரக் கயிற்றை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அங்கே நடந்த பேச்சைப் பிறகு தோணிக்காரர்கள் சொல்லி நான் கேட்டேன்.

"ஏத்தா, கயித்த விடு! என்ன கிறுக்கா ஒனக்கு?"

"நீ வந்து ஒங்காதால கேட்டுட்டுப் போண்ணே. அப்புறம் நான் ஏன் பிடிக்கப்போறேன்?"

"தேங்காய் ஒடைச்சாச்சுத்தா. இனிமே கரை மிதிக்கக் கூடாது, ஒனக்குத் தெரியாதா?"

இந்த வழக்கத்தை உங்களுக்குச் சொல்லவேண்டும். புறப்படும்போது தோணியின் முகப்பில் தேங்காய் உடைத்துவிட்டால், அந்த நடை முடியும்வரை தோணிக்காரர்கள் தங்கள் ஊர் மண்ணை மிதிக்கமாட்டார்கள். மிதித்தால் கடல் கோபித்துக்கொள்ளும் என்று நம்பிக்கை. தங்கை அழுதாலும் அது மாறாது. அவளோ அழவில்லை, பேரம் பேசினாள்.

"கரையை நீ மிதிக்க வேணாம். முழங்கால் தண்ணியில நில்லு. ரேடியோ அங்கிட்டு வரும்."

"ரேடியோ வருமா? அதுக்குக் காலு மொளைச்சிருச்சா?"

"வரும்ணே. ஒன் மாப்பிள்ளை கொண்டு வருவாரு."

நான் கொண்டு வருவேன் என்று எனக்கே தெரியாது, பிள்ளைகளே! அவள் கையை ஆட்டிக் கத்தியது காற்றில் பாதிதான் வந்தது. மாமா தோணியில் இருந்து இறங்குவதைப் பார்த்துத்தான், ரேடியோவைத் தண்ணீருக்கே கொண்டுபோகவேண்டும் என்று பட்டாளத்தாருக்குப் புரிந்தது.

பஸ் வந்தது. யுத்தத்தில் பெட்ரோல் இல்லாமல் கரிவாயுவில் ஓடப் பழகிய கிழட்டு வண்டி. புகையைக் கக்கிக்கொண்டு நின்றது. டிரைவரிடம் ஓடிப்போய் ஒரே மூச்சில் சொன்னேன்.

"என்னது, பேட்டரியைக் கழட்டணுமா? முதலாளிக்குத் தெரிஞ்சா என்னையக் கழட்டிருவாரு!"

"தோணியில ஏழு உசுருங்க."

டிரைவர் கடலைப் பார்த்தார். தென்னைகளின் இடைவெளியில், தூரத்தில் ஒரு பெண் இன்னும் கயிற்றைப் பிடித்தபடி கழுத்தளவில் நிற்பது அவருக்குத் தெரிந்தது.

"அந்தப் பொம்பளை யாரு?"

"என் வீட்டுக்காரிங்க."

"ஏறுங்கய்யா! இங்கிருந்து தூக்கிட்டுப் போனா நேரத்துக்குச் சேராது, கரை வரைக்கும் விடுறேன்" என்றார். பிரயாணிகள் யாரும் இறங்கவில்லை. ஒரு கிழவர் மட்டும், "நான் கல்யாணத்துக்குல்ல போறேன்" என்று முனகினார். பக்கத்தில் இருந்தவர், "கல்யாணத்துல இந்த வேடிக்கை கிடைக்குமா? சும்மா உக்காருங்க சித்தப்பா" என்று அடக்கினார்.

கடைக்குப் போய் ரேடியோவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பஸ் தென்னந்தோப்பு வழியாக மணலில் ஆடி ஆடிப் போய், முன் சக்கரம் புதைந்து நின்றது. டிரைவர் தானே பேட்டரியைக் கழற்றினார். யாரோ ஒரு கயிற்றுக்கட்டிலைத் தூக்கி வந்தார்கள். கட்டிலின் மேல் பேட்டரி, அதன் பக்கத்தில் ரேடியோ. நாலு பேர் நாலு காலைப் பிடித்துத் தோள் உயரத்துக்குத் தூக்கினார்கள். பட்டாளத்தார் நீண்ட மூங்கிலில் ஒயரைச் சுற்றி ஏரியலாகப் பிடித்தார். அவர் ஒரு கையில் மூங்கில், மறு கை மணிக்கட்டில் கடிகாரம்.

"பன்னிரண்டு இருபத்தாறு! நடங்க!"

கட்டிலின் முன்காலில் நான். கடலைக் கண்டு பின்னால் நகர்ந்தவன் அன்றைக்கு அலையை மிதித்துக்கொண்டு ஓடினேன். பின்னால் பஸ் ஜனம் முழுவதும் வேட்டி சேலையைத் தூக்கிக்கொண்டு வந்தது. எதிரே மாமா வந்தார். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டார், ஒரு அடி முன்னால் வைக்கவில்லை. எங்களைப் பார்த்ததும், வேண்டாம் வேண்டாம் என்றிருந்த அந்த முகத்தில் சிரிப்பு வந்தது.

"என்ன மாப்ளே, சாமி ஊர்வலமா?"

"பேசாதீங்க மச்சான், கேளுங்க!"

பட்டாளத்தார் திருகினார். கரகரவென்று சத்தம். மூங்கிலை அங்கிட்டும் இங்கிட்டும் சாய்த்தார். திடீரென்று தெளிவாக ஒரு குரல், தண்ணீருக்கு மேலே! ஏதேதோ ஊர் செய்தி முதலில் வந்தது. பிறகு காற்றுச் செய்தி. புயல் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, யாழ்ப்பாணக் கடல் வழியாக, நாளை விடியலுக்குள் கரை ஏறும். படகுகள் எதுவும் கடலுக்குப் போகவேண்டாம். அதையே இன்னொரு தடவையும் சொன்னது.

மாமா போகவேண்டிய பாதையை அந்தக் குரல் ஊர் பேர் சொல்லி வரிசையாகச் சொல்லிவிட்டது. அவர், "அந்தப் பெட்டிய இன்னும் கொஞ்சம் ஒசரத் தூக்குங்க, நனைஞ்சிரப் போகுது" என்றார். அதுதான் அவர் சொன்ன பதில்.

உடனே திரும்பித் தோணியைப் பார்த்துக் கையைக் குறுக்கே வீசினார். தோணியில் ஏறிக்கொண்டிருந்த பாய் சரிந்து இறங்கியது. பஸ் ஜனம் போட்ட கூச்சலில் கொக்கெல்லாம் பறந்தன. கல்யாணத்துக்குப் போகவேண்டிய கிழவர்தான் எல்லோரையும்விட அதிகமாகக் குதித்தார். உங்கள் அம்மா அப்போதுதான் கயிற்றை விட்டு எங்களிடம் நடந்து வந்தாள். இரண்டு உள்ளங்கையும் தோலுரிந்து சிவந்திருந்தன. நான் பிடிக்கப் போனால், "ரேடியோவப் பாருங்க முதல்ல" என்றாள்.

பனையில் இரண்டாவது துணியும் ஏறியது. சாயங்காலத்துக்குள் தண்ணீர் ஏறும் நேரம் பார்த்துத் தோணியை ஆற்று முகத்துவாரத்துக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள், கயிற்றைக் கரையில் நின்ற நாங்கள் வாங்கி இரண்டு பக்கமும் மரத்தில் கட்டினோம். அப்போதும் மாமாவும் மற்ற ஆறு பேரும் கரையில் இறங்கவில்லை. கட்டின தோணிக்குள்ளேயே படுத்தார்கள். சோற்றை நாங்கள் தண்ணீரில் இறங்கிக் கொடுத்தோம். பஸ்ஸை எவ்வளவு தள்ளியும் மணலில் இருந்து கிளப்ப முடியவில்லை. டிரைவரும் பிரயாணிகளும் பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள்.

அன்று ராத்திரி அடித்த காற்றைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. பயந்து கண்ணை மூடியிருந்தவன் எதை எழுதுவது? விடிந்து போய்ப் பார்த்தால், தென்னை பாதி படுத்துக்கிடந்தது. எங்கள் நெட்டைப் பனையில் கயிறும் இல்லை, துணியும் இல்லை. தோணி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது, ஆனால் முழுசாக நின்றது. பஸ் பாதி மணலுக்குள் இருந்தது. டிரைவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"எல்லாரையும் காப்பாத்தினீங்க, சரி. என் வண்டியை யாருய்யா காப்பாத்துறது?"

முகத்துவாரத்துப் பக்கத்தில் இருந்து, "நாங்க இருக்கோம்ல டிரைவரே!" என்று ஒரு குரல் வந்தது. மாமா. தோளில் தோணியின் பெரிய கயிற்றைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, ஈர மணலில் காலை அழுத்தி மிதித்து வந்தார். பின்னாலேயே வரிசையாக மற்றவர்கள். இந்த நடை முடிந்துபோனது என்று அவரே தீர்மானித்துக்கொண்டார் போல.

கயிற்றை பஸ்ஸின் முன்னால் கட்டி, பாய் ஏற்றும்போது பாடுகிற பாட்டைப் பாடி இழுத்தார்கள். நானும் ஒரு முனையைப் பிடித்தேன். பஸ் முனகியது, அசைந்தது, ஒரே இழுப்பில் மேலே ஏறியது. துணி சுற்றிய கையோடு உங்கள் அம்மா ஓரத்தில் நின்று தோணிக்காரர்களை விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள். ஏழாவது விரலுக்கு வந்ததும், "எல்லாரும் கஞ்சி குடிக்க வாங்க" என்று கூப்பிட்டாள்.