சம்பந்தியம்மா வீட்டுத் தண்ணீர்

அப்புத்தளையில் ஒரு வீட்டுச் சமையலறைத் தொட்டிக்குக் கீழே படுத்துக் குழாய் பூட்டிக்கொண்டிருந்தபோதுதான் மகளின் போன் கோல் வந்தது. "அப்பா, அத்தை போயிட்டாங்க." இரண்டு நாள் காய்ச்சல்தானாம். எழும்பப் போய்த் தொட்டியில் தலையை இடித்துக்கொண்டேன். அழுவதற்கு அதுவும் ஒரு சாக்காயிற்று.

மகளின் மாமியார், என் சம்பந்தியம்மா பாக்கியம் அவர்களை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு என்னிடமிருந்து தப்பித்துக்கொண்டது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகளை வெல்லவாயவில் கட்டிக்கொடுத்த மறுவருஷம் எனக்கு மாரடைப்பு வந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, அடைத்துப்போன இரத்தக்குழாயின் படத்தைக் காட்டினார். தேறிய பிறகு சம்பந்தி வீட்டில் பைப் மாற்றப் போனேன். அங்கே கிணற்றுத் தண்ணீர் கடினமானது. தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்தலில் வெள்ளையாகக் கல் பிடிக்கும். எங்கள் மலை ஊற்றில் அது கிடையாது. பழைய பைப்பை அறுத்தால் உள்ளே சுண்ணாம்பு படிந்து, பென்சில் நுழையும் அளவுதான் ஓட்டை. டாக்டரம்மா காட்டிய அதே படம்! பைப் வேலைக்காரன் மூளை சும்மா இருக்குமா? அன்றிலிருந்து அந்த வீட்டில் பிளேன்டீகூடக் குடிப்பதில்லை. ஊற்றுத் தண்ணீரைக் கேனில் பிடித்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போவேன். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. பயந்தாங்கொள்ளி என்று பேர் வாங்கப் பிடிக்கவில்லை.

ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்காவிட்டால் நம் சனங்கள் அதை எப்படி எடுப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். என் மரமண்டைக்குத்தான் ஏறவில்லை. பேரனுக்குக் காது குத்திய விருந்தில், மருமகனின் சித்தப்பா எல்லார் காதிலும் விழுகிற மாதிரிக் கேட்டார்:

"பொண்ண மட்டும் குடுப்பாரு, எங்க தண்ணி தொண்டையில எறங்காதோ? நாங்க என்ன கொறஞ்ச சாதியா?"

பரிமாறிக்கொண்டிருந்த மகள் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். அந்த வீட்டில் காலம் தள்ள வேண்டியவள் அவள். நான் கேனை முதுகுக்குப் பின்னால் தள்ளி வைத்தேன்.

பாக்கியம் அம்மா பந்திக்கு நடுவே வந்தார். தொலைந்தேன் என்று நினைத்தேன்.

"சம்பந்தி, ஒங்களுக்கு என்ன பயம்?" என்று கேட்டார்.

என்ன திமிர் என்று கேட்கவில்லை. பைப், கேத்தல், நெஞ்சு என்று எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன்.

"கறிக்கு உப்புப் பத்தலன்னு ரெண்டுதரம் கேட்டு வாங்குனீங்க. தண்ணிக்குத்தான் பயமா?"

பந்தியே சிரித்தது. என் கேனைத் திறந்து ஒரு டம்ளர் ஊற்றிக் குடித்தார். "இன்னிக்கு ஒங்க தண்ணிய நான் குடிச்சிட்டேன். அடுத்த கிளினிக்குக்கு நானும் வாறேன். டாக்டர் சரின்னா, எங்க தண்ணிய நீங்க குடிக்கணும்."

சொன்னபடியே பதுளைக்கு வந்தார். கேத்தலில் பிடிக்கும் கல் அப்படியே இரத்தக்குழாயில் போய் ஒட்டாது என்று டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். கடினத் தண்ணீரில் உள்ள கல்சியமும் மக்னீசியமும் இதயத்துக்குக் கொஞ்சம் நல்லது என்று சொல்கிறவர்களும் உண்டாம், ஆனால் முடிவாகவில்லையாம். அந்தப் பக்கத்தில் கிட்னி நோய் இருப்பதால், அந்தக் கிணற்றை ஒருமுறை சோதித்துக்கொள்ளச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்: "நீங்க விட வேண்டியது உப்பும் பீடியும்."

"பீடியா? அது எங்க கெணத்துல கெடையாதே!" என்றார் பாக்கியம் அம்மா.

கிணற்றுத் தண்ணீர் நல்லது என்று சோதனையில் வந்த பிறகு, அதே சித்தப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து எனக்கு ஒரு டம்ளர் கொடுத்தார். உண்மையைச் சொன்னால், அந்த ருசி எனக்கு இன்னும் பிடிபடவில்லை. மகளின் முகத்தைப் பார்த்ததும் இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கினேன்.

கருமாதியில் என் மகள் மாமியாருக்காக அழவில்லை. தாயை இழந்தவளாக அழுதாள். அப்படி அழும்படி அவளை வைத்திருந்தார் அந்த அம்மா. இந்த நன்றியை நான் எங்கே போய்ச் சொல்வேன்?

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒன்றுதான். எவனாவது என்னை மதிக்கவில்லை என்று கோபம் ஏறினால், இவனுக்கு என்ன பயமோ என்று முதலில் பார்க்கிறேன். பாதி நேரம் பயந்துபோய் நிற்பது நான்தான்.